இறால் ஓடு முதல் காளான் வரை: கைட்டின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலை வகுப்பு உயிரியலில் கைட்டின் ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது. அதைப் பற்றி என்னிடம் வரும் சந்தேகங்கள் அந்த ஒரு பத்தியோடு நிற்பதில்லை. மாணவர்கள் கேட்கிறார்கள், இறால் பண்ணை வைத்திருக்கும் உறவினர்கள் கேட்கிறார்கள், மாடித்தோட்டம் போட்டவர்கள் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை அவரவர் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன.

கைட்டின்னா என்ன டீச்சர்? பரீட்சைக்கு எழுதற மாதிரி வேண்டாம், புரியற மாதிரி சொல்லுங்க.

ஒரே வகைச் சர்க்கரை மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கோத்து நிற்கும் நீண்ட இழைதான் கைட்டின். அந்தச் சர்க்கரையின் பெயர் என்-அசிட்டைல் குளுக்கோசமைன். குளுக்கோஸின் இரண்டாவது கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிக்குப் பதிலாக, நைட்ரஜன் கொண்ட அசிட்டைல் அமினோ தொகுதி உட்கார்ந்திருந்தால் அதுதான் இந்தச் சர்க்கரை.

இந்த இழைகள் அருகருகே படிந்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நார்களாகின்றன. அரிசியில் உள்ள மாவுச்சத்து சக்திக்காகச் சேர்த்து வைக்கப்படுவது. கைட்டின் அப்படியல்ல, உடம்பைத் தாங்கவும் மூடிக் காக்கவும் கட்டப்படுவது.

சர்க்கரைன்னு சொல்றீங்க, இறால் ஓடு ஏன் இனிக்கல?

நாக்கு இனிப்பை உணர, சிறிய மூலக்கூறு எச்சிலில் கரைந்து வர வேண்டும். கைட்டின் தண்ணீரில் கரையவே கரையாது. சோற்றை நெடுநேரம் மென்றால் லேசாக இனிக்கும். எச்சிலில் உள்ள அமைலேஸ் நொதி மாவுச்சத்தை வெட்டிவிடுவதால் வரும் இனிப்பு அது. கைட்டினில் சர்க்கரைகளை இணைக்கும் பிணைப்பு வேறு வகை. அமைலேஸால் அதை வெட்ட முடியாது.

அப்போ செல்லுலோஸும் இதுவும் ஒண்ணுதானே?

நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல. இரண்டிலும் சர்க்கரைகள் பீட்டா 1,4 என்ற ஒரே வகைப் பிணைப்பால் கோத்திருக்கின்றன. அதனால் இரண்டும் நேரான இழைகளாக நின்று நார் ஆகின்றன. வித்தியாசம் முதல் பதிலில் சொன்ன அந்த இரண்டாவது கார்பனில்தான் இருக்கிறது. அங்கே வரும் அசிட்டைல் அமினோ தொகுதி, பக்கத்து இழையைப் பிடித்துக்கொள்ளக் கூடுதல் இடம் தருகிறது.

இன்னொன்று, செல்லுலோஸில் நைட்ரஜன் கிடையாது. கைட்டினின் எடையில் சுமார் 7 சதவீதம் நைட்ரஜன். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கு இது பெரிய விஷயம். தோட்டம் பற்றிய கேள்வியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

எந்தெந்த உயிர்ல எல்லாம் இருக்கு?

கணுக்காலிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது: பூச்சிகள், சிலந்தி, தேள், பூரான், மரவட்டை, நண்டு, இறால். அடுத்த பெரிய கூட்டம் பூஞ்சைகள். காளான், ஊறுகாய் மேல் படியும் பூசணம், இட்லி மாவிலும் ரொட்டியிலும் வேலை பார்க்கும் ஈஸ்ட் எல்லாவற்றின் செல்சுவரிலும் கைட்டின் உண்டு, ஈஸ்ட்டில் கொஞ்சம்தான். நத்தை உணவைச் சுரண்டும் ரம்பம் போன்ற நாக்கு, மண்புழுவின் நுண்முடிகள், உருளைப்புழு முட்டையின் ஓடு, கடலில் மிதக்கும் சில டயட்டம் பாசிகளின் முட்கள் என்று பட்டியல் நீளும்.

நிலத்துத் தாவரங்கள் கைட்டின் செய்வதில்லை. பாலூட்டிகளும் செய்வதில்லை, மனிதர் உட்பட.

நகம், முடி, மாட்டுக்கொம்பு?

அவை கெரட்டின். அது புரதம், கைட்டின் சர்க்கரை. பெயர் ஒத்துப்போவதால் தேர்வில் நிறையப் பேர் மாற்றி எழுதுகிறார்கள்.

ஒரே பொருள்னா நண்டு ஓடு கல்லு மாதிரி இருக்கு, கம்பளிப்பூச்சி தோல் மெத்துன்னு இருக்கு. இது எப்படி?

என்னிடம் வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. கைட்டின் தனியாகக் கல் போல இருப்பதில்லை. சுத்தமாகப் பிரித்தெடுத்த கைட்டின் வளையக்கூடிய, வெளிறிய சவ்வுதான். கான்கிரீட்டில் கம்பி இருக்கிற மாதிரி அது உள்ளே இழையாக ஓடுகிறது. அதைச் சுற்றி எதைக் கொட்டி நிரப்புகிறோம் என்பதுதான் கடினத்தைத் தீர்மானிக்கிறது. நண்டு கால்சியம் கார்பனேட்டைக் கொட்டுகிறது. வண்டு சுண்ணாம்பைத் தொடுவதில்லை; ஓட்டில் உள்ள புரதங்களை குயினோன் என்ற வேதிப்பொருள்களால் ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குகிறது. ஓடு பழுப்பாகவும் கறுப்பாகவும் மாறுவது பெரும்பாலும் அப்போதுதான். கம்பளிப்பூச்சி புரதங்களை அவ்வளவாகப் பிணைக்காமல் தண்ணீரோடு விட்டுவைக்கிறது, அதனால் மெத்தென்று வளைகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். நண்டுக் காலின் ஓட்டைக் கழுவி ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டு, மூழ்கும்வரை வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். உடனே ஓட்டின் மேல் குமிழிகள் முத்து முத்தாக ஒட்டிக்கொள்ளும், பிறகு கிளம்பி மேலே வரும். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும்போது வரும் கார்பன் டை ஆக்சைடு அது. குமிழி நின்றதும் வினிகரை மாற்றி, ஓரிரு நாள் விடுங்கள். வெளியே எடுத்தால் ஓட்டின் வடிவம் அப்படியே இருக்கும், ஆனால் விரலில் வளைத்துச் சுற்றலாம். மிஞ்சியிருப்பது கைட்டினும் புரதமும். புரதத்தையும் நீக்க காஸ்டிக் சோடாவில் சூடாக்க வேண்டும். அதை வீட்டில் செய்யாதீர்கள், தோலையும் கண்ணையும் அரித்துவிடும்.

நார்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதமும் முக்கியம். ஒவ்வோர் அடுக்கும் கீழ் அடுக்கிலிருந்து கொஞ்சம் திரும்பி, சுழல்படிக்கட்டாக ஏறுகிறது. ஒரு விரிசல் புகுந்தால் அடுக்குக்கு அடுக்கு திசைமாற வேண்டியிருப்பதால் வழியிலேயே பலம் இழந்துவிடும். சில எறும்பு, கறையான் இனங்கள் தாடை நுனியில் துத்தநாகம் சேர்க்கின்றன. பாறையில் பாசியைச் சுரண்டித் தின்னும் லிம்பெட் என்ற கடல்நத்தையின் பல், கைட்டினுக்குள் கோதைட் என்ற இரும்புக் கனிம நார்களை நிரப்பிக் கட்டியது. உயிரினங்கள் செய்த பொருள்களில் அதுவரை அளந்ததிலேயே இழுவிசையை அதிகம் தாங்குவது அதுதான் என்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள்.

கணவாய் கழுவும்போது உள்ளேயிருந்து பிளாஸ்டிக் மாதிரி ஒண்ணு உருவி எடுக்கறோமே, அதுவும் இதுதானா?

ஊசிக்கணவாயில் வரும் அந்த ஒளி ஊடுருவும் மெல்லிய தண்டு கைட்டினும் புரதமும்தான். சுண்ணாம்பு கிட்டத்தட்ட இல்லை. அதில் உள்ளது பீட்டா கைட்டின். அதாவது இழைகள் எல்லாம் ஒரே திசையில் படிந்திருக்கும். நண்டு, பூச்சி, காளானில் உள்ள ஆல்ஃபா கைட்டினில் ஓர் இழை மேல்நோக்கி, அடுத்தது கீழ்நோக்கி என்று மாறி மாறி இருக்கும், பிடிப்பும் அதிகம்.

ஓட்டுக்கணவாயில் கிடைக்கும் வெள்ளை ஓடு, நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கொடுப்பது, வேறு ரகம். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கைட்டின் அதில் கொஞ்சம்தான்.

முதல்ல யார் கண்டுபிடிச்சது? பூச்சியிலயா, நண்டுலயா?

காளானில். பிரான்சின் நான்சி நகரில் தாவரவியல் பூங்காவைக் கவனித்துவந்த ஆன்றி பிராகோனோ 1811இல் காளானைக் காரத்தில் வேகவைத்து, கரையாமல் மிஞ்சியதைத் தனிப்பொருள் என்று அறிவித்தார். 1823இல் ஓகுஸ்த் ஓதியே வண்டின் முன்சிறகிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, கைட்டின் என்ற பெயரை வைத்தார். அதில் நைட்ரஜன் இருப்பதை 1843இல் லாசேன் காட்டினார். 1876இல் ஜெர்மனியின் கியோர்க் லெடர்ஹோஸ், லாப்ஸ்டர் ஓட்டை அமிலத்தில் சூடாக்கி குளுக்கோசமைன் படிகங்களை எடுத்தார். செல்லுலோஸை முதலில் விவரித்தது 1838இல்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மரம் முழுக்க இருக்கும் பொருளுக்கு முன்பே காளானில் இருக்கும் பொருள் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

ஓட்டைக் கழற்றிப் போட்டுட்டு வேற செய்யணுமா? கூடவே வளரக் கூடாதா?

நம் எலும்பில் உயிருள்ள செல்கள் உள்ளேயே இருக்கின்றன, அதனால் அது வளர்கிறது. கைட்டின் ஓடு தோல் செல்களுக்கு வெளியே சுரந்து கட்டப்பட்டது. இறுகிய பிறகு அதை நீட்ட வழியில்லை. அதனால் உள்ளே புதிய மென்மையான ஓட்டை மடிப்பு மடிப்பாகச் செய்து வைத்துக்கொண்டு, கைட்டினேஸ் முதலிய நொதிகளால் பழைய ஓட்டின் உள்ளடுக்கைக் கரைத்து, சத்தை உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைக் கிழித்து வெளியே வரும். பூச்சி காற்றை விழுங்கியும் இறால் தண்ணீரை உறிஞ்சியும் உடம்பை ஊதிப் பெரிதாக்கும். புதிய ஓடு விரிந்த பிறகுதான் இறுகும். சமையலறையில் எப்போதாவது பால்வெள்ளையாக ஒரு கரப்பான் கண்ணில் படும். அது தனி இனம் அல்ல. ஓடு கழற்றி இன்னும் புரதப் பிணைப்பு முடியாத சாதாரணக் கரப்பான்தான். சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும்.

இதற்கு நேரம் குறிப்பது எக்டைசோன் என்ற ஹார்மோன். 1954இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் புடெனான்ட், கார்ல்சன் இருவரும் அதைப் பிரித்தெடுக்க 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்கள் தேவைப்பட்டன. கிடைத்தது 25 மில்லிகிராம்.

அமாவாசை, பௌர்ணமின்னா குளத்துல இறால் ஓடு கழட்டுதுன்னு சொல்றாங்களே, நிஜமா? நண்டுல சதை இல்லாம போறதும் அதனாலயா?

பல இறால் இனங்களில் ஓடு கழற்றுவது நிலவின் சுற்றோடு ஒத்துப்போவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் நிலவு மட்டும் காரணமல்ல. தண்ணீரின் உப்பு, வெப்பம், தீனி, இறாலின் வயது எல்லாம் சேர்ந்துதான் நாளைத் தீர்மானிக்கும். பண்ணைக்காரர்கள் அந்த நாள்களில் ஏரேட்டரைக் கூடுதலாக ஓட்டுவதும், கால்சியம், மெக்னீசியம் தாது கலப்பதும் சரியான பழக்கம். ஓடு கழற்றிய இறாலுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை, ஓடு இறுகத் தாதும் வேண்டும். மென்மையாகக் கிடக்கும் நேரத்தில் பக்கத்து இறாலே அதைக் கடித்துத் தின்றுவிடும் என்பதும் உண்டு.

நண்டு விஷயம் முந்தைய பதிலிலேயே இருக்கிறது. தண்ணீர் குடித்து ஊதிப் பெரிய ஓடு கட்டிக்கொள்கிறது, அதை நிரப்பும் சதை மெல்ல மெல்லத்தான் வளரும். அந்த இடைவெளியில் பிடித்த நண்டு பார்க்கப் பெரிதாக இருக்கும், உடைத்தால் தண்ணீர் வடியும். வாங்கும்போது ஒரே அளவில் கனமாக இருப்பதை எடுங்கள். அடிவயிற்றை அழுத்தினால் அமுங்காமல் இருக்க வேண்டும்.

பூச்சிமருந்து டப்பாவுல "கைட்டின் உருவாவதைத் தடுக்கும்"னு போட்டிருக்கு. அப்போ நமக்கு ஒண்ணும் ஆகாதா?

டைஃப்ளுபென்சுரான், நோவலுரான், நெல் புகையானுக்கு அடிக்கும் புப்ரோஃபெசின் எல்லாம் இந்த வகை. 1970களில் நெதர்லாந்தில் களைக்கொல்லி தேடிக்கொண்டிருந்த வேதியியலாளர்கள் செய்து பார்த்த ஒரு கலவை, களையை விட்டுப் புழுக்களைக் கொன்றது. அங்கிருந்து வந்ததுதான் டைஃப்ளுபென்சுரான். கைட்டின் கட்டும் வேலை நின்றுவிடுவதால், அடுத்த முறை ஓடு கழற்றும்போது புழு தாங்காமல் செத்துவிடும். வளர்ந்த பூச்சி ஓடு கழற்றுவதில்லை. அதனால் அடித்த மறுநாளே வயல் காலியாகவில்லை என்று இன்னொரு மருந்தைக் கலந்து அடிக்க வேண்டாம்.

நம் உடம்பில் கைட்டின் கட்டும் வேலை இல்லை, அந்த வழியில் பாதிப்பும் இல்லை. அதற்காக மருந்து தண்ணீர் என்று ஆகிவிடாது; முகமூடி, கையுறை, காத்திருப்புக் காலம் எல்லாம் லேபிளில் உள்ளபடியே. உண்மையான ஆபத்து இறாலுக்கும் நண்டுக்கும். பூச்சிக்குக் கைட்டினைத் தடுப்பது அவற்றுக்கும் தடுக்கும். வயல் வடிகால் இறால் குளத்துக்குப் போகும் இடங்களில் இதை அடிக்கவே கூடாது என்பது என் கருத்து.

காளான் சாப்பிட்டா அதுல இருக்கற கைட்டின் செரிக்குமா?

பெரும்பகுதி செரிக்காது, நார்ச்சத்தாக வெளியே போகும். அதே சமயம் மனிதருக்குக் கைட்டினை வெட்டும் சக்தியே இல்லை என்று பழைய புத்தகங்களில் இருப்பது சரியல்ல. அமிலத்தில் வேலை செய்யும் ஒரு கைட்டினேஸ் பாலூட்டிகளில் இருப்பது 2001இல் விவரிக்கப்பட்டது. நம் இரைப்பையிலும் அது உண்டு, ஆளுக்கு ஆள் அளவு மாறும். காளானை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். பச்சையாகத் தின்றால் சிலருக்கு வயிறு உப்பும்.

இறால் சாப்பிட்டா எனக்கு உடம்பெல்லாம் தடிக்குது. கைட்டின்தான் காரணமா? ஓட்டை உரிச்சிட்டா சாப்பிடலாமா?

கூடாது. இறால் ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணம் டிரோபோமயோசின் என்ற தசைப் புரதம். அது சதையில்தான் இருக்கிறது, வேகவைத்தாலும் அழியாது. ஓட்டை உரிப்பதால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. தடிப்போடு மூச்சுத்திணறலோ உதடு வீக்கமோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கரப்பான், தூசிப்பூச்சி ஆகியவற்றிலும் இதே போன்ற புரதம் இருப்பதால் சிலருக்கு அவையும் ஒத்துக்கொள்ளாது.

கைட்டோசான்னு மாத்திரை விக்கறாங்க. அதுவும் இதுவும் ஒண்ணா? உடம்பு இளைக்குமா?

கைட்டினை அடர்ந்த காரத்தில் சூடாக்கினால் அசிட்டைல் தொகுதி கழன்று அமினோ தொகுதி வெளியே தெரியும். அதுதான் கைட்டோசான். 1859இல் ஷார்ல் ரூஜே இதைச் செய்து காட்டினார். கைட்டின் எதிலும் எளிதில் கரையாது. கைட்டோசான் வினிகர் மாதிரி மென்மையான அமிலத்தில் கரைந்து பசையாகும், நேர்மின்னேற்றமும் பெறும். அதனால் கலங்கல் தண்ணீரில் அழுக்கைத் திரட்ட உதவுகிறது. சிவப்பணுக்களைப் பிடித்து இரத்தத்தை உறையவைப்பதால் போர்க்களக் காயங்களுக்கான கட்டுகளில் பயன்படுகிறது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இறால் ஓட்டுக் கழிவிலிருந்து இதை எடுக்கும் முறையை உருவாக்கிக் கொடுத்திருக்கிறது.

இளைப்பது பற்றி: 2008இல் கோக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. எடையில் வந்த மாற்றம் மிகச் சிறியது, உடல்நலத்துக்குப் பயன்படும் அளவு இல்லை. மூட்டுவலிக்கு விற்கும் குளுக்கோசமைன் மாத்திரையும் பெரும்பாலும் ஓட்டுக் கைட்டினிலிருந்து வருவதுதான். 2006இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் மொத்தத்தில் அது வெற்று மாத்திரையை விட மேலாக இல்லை. காசு உங்களுடையது, நான் வாங்க மாட்டேன். முந்தைய கேள்வியில் சொன்ன ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரண்டையும் தொட வேண்டாம்.

கடல்ல இவ்வளவு இறால், நண்டு ஓடு கழட்டுது. எல்லாம் அடியில குவியலாக் கிடக்காதா?

கிடப்பதில்லை, பாக்டீரியாக்கள் தின்றுவிடுகின்றன. விப்ரியோ குடும்பம் இதில் கெட்டி. கைட்டின் இருக்கும் இடத்தை நோக்கி நீந்தி வந்து, ஒட்டிக்கொண்டு, கைட்டினேஸைச் சுரந்து சர்க்கரையாகவும் நைட்ரஜனாகவும் எடுத்துக்கொள்ளும்.

காலரா நோயை உண்டாக்குவதும் ஒரு விப்ரியோதான். குளத்து நீரில் அது கோப்பிபாட் என்ற நுண்ணிய கணுக்காலிகளின் கைட்டின் ஓட்டில் ஒட்டி வாழ்கிறது. ஓட்டில் இருக்கும்போது பக்கத்தில் கிடக்கும் பிற பாக்டீரியாக்களின் டிஎன்ஏவை உள்ளிழுக்கும் திறனும் அதற்கு வந்துவிடுகிறது. இது 2005இல் தெரியவந்தது. தனி பாக்டீரியா எந்தத் துணியிலும் நுழைந்துவிடும், கோப்பிபாட் நுழையாது. அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல்லின் குழுவினர் வங்கதேசத்தின் மத்லப் பகுதிக் கிராமங்களில் பழைய பருத்திப் புடவையைப் பல மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீர் பிடிக்கச் சொன்னார்கள். 2003இல் வெளியான முடிவில் காலரா 48 சதவீதம் குறைந்திருந்தது. கொதிக்கவைக்க விறகு இல்லாத வீடுகளுக்கான வழி அது. நீங்கள் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

இறால் ஓட்டைத் தோட்டத்துல போடலாமா?

போடலாம். கழுவி உப்பை நீக்கி, காயவைத்து, இடித்து, எருக்குழியில் மக்கவைத்துப் போடுங்கள். செடிக்கடியில் அப்படியே கொட்டினால் நாறும், எலி வரும். மேலே சொன்ன 7 சதவீத நைட்ரஜனும் சுண்ணாம்பும் மண்ணுக்குப் போகும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, மண்ணில் கைட்டின் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகுவது. வேர்முடிச்சுப் புழுவின் முட்டை ஓட்டில் கைட்டின் உண்டு என்பதால் அவை அதையும் தாக்கும்.

வேளாண் கடையில் கிடைக்கும் டிரைக்கோடெர்மா விரிடியும் நோய்ப் பூஞ்சைகளின் செல்சுவரைக் கைட்டினேஸால் கரைத்துத் தின்கிறது. தென்னையில் காண்டாமிருக வண்டின் புழுக்கள் வளரும் எருக்குழியில் விடும் மெட்டாரைசியம் பூஞ்சை, புழுவின் தோலை இதே போன்ற நொதிகளால் துளைத்து உள்ளே போகிறது. தன் செல்சுவரிலும் கைட்டின் வைத்துக்கொண்டு அடுத்ததன் கைட்டினைக் கரைக்கும் பூஞ்சைகள் இவை.

செடியில கைட்டினே இல்லைன்னீங்க. ஆனா பயறுச்செடி வேருக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு படிச்சேன். எப்படி?

தன்னிடம் இல்லாத பொருள் என்பதாலேயே செடிக்கு அது நல்ல எச்சரிக்கை. பூஞ்சை நுழையும்போது செடியின் கைட்டினேஸ் அதன் சுவரை வெட்டுகிறது. ஏழு எட்டு சர்க்கரை நீளத் துண்டுகள் வந்து இலைச் செல்லின் மேலுள்ள உணர்விகளில் ஒட்டியதும் எதிர்ப்பு தொடங்குகிறது. நெல்லில் அந்த உணர்வி 2006இல் அடையாளம் காணப்பட்டது.

இப்போது உளுந்து, பச்சைப்பயறு வேரைப் பாருங்கள். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியா வேருக்குள் நுழைய அனுமதி கேட்டு அனுப்பும் மூலக்கூறும் கைட்டின் துண்டுதான். ஆனால் நீளம் நான்கைந்து சர்க்கரை மட்டும், ஒரு முனையில் கொழுப்பு அமில வால் ஒன்று தொங்கும். செடி நீளத்தையும் வாலையும் பார்த்துப் பிரித்தறிகிறது. வால் இல்லாத நீண்ட துண்டு வந்தால் எதிர்க்கிறது. வால் வைத்த குட்டித் துண்டு சரியாகப் பொருந்தினால் வேர்முடி சுருண்டு பாக்டீரியாவை உள்ளே இழுத்துக்கொள்கிறது, சில நாளில் அங்கே வேர்முடிச்சு கட்டுகிறது. இரண்டு வகை உணர்விகளும் ஒரே புரதக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பூப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பயறுச்செடியை மண்ணோடு பெயர்த்துக் கழுவி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் அது வேலை செய்துகொண்டிருக்கிறது.